வெப் லாக்கில் கோப்புப் பெயர் சிக்கவில்லையா? அறிகுறி பார்த்து ரெகெக்ஸைச் சரிசெய்யும் வழிமுறை

வெப் சர்வரான அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, வந்த கோரிக்கைகளை வரிவரியாக எழுதிவைக்கும் ஆக்ஸஸ் லாக்கிலிருந்து எந்தக் கோப்பு எத்தனை முறை போயிருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரே ஒரு ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் பேட்டர்ன்) போதும். அது பிசகினால் கணக்கும் பிசகும். ஆனால் பிசகியதை அது வாய்விட்டுச் சொல்லாது. காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் வாசித்துக்காட்டிய எண்ணிக்கையில் பாதி குப்பை என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரியவரும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக முதலில் ஒரு மாதிரி வரி:

```
203.0.113.24 - - [14/ஜூன்/2025:09:12:41 +0530] "கெட் /படங்கள்/அல்சூர்-ஏரி.ஜேபிஜி?அகலம்=800 எச்டிடிபி/1.1" 200 48213 "எச்டிடிபிஎஸ்://எடுத்துக்காட்டு.இந்தியா/ஏரிகள்/" "மொசில்லா/5.0 (லினக்ஸ், ஆண்ட்ராய்டு 14)"
```

உங்கள் லாக்கில் இந்த எழுத்துகளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே படிக்க வசதியாகத் தமிழில். இதே இடத்தில் உண்மையான தமிழ்ப் பெயர் வந்தால் லாக்கில் எப்படி விழும் என்பது பின்னால் தனியாக வருகிறது. அடிப்படைப் பேட்டர்னில் குறிகளும் எண்களும் தவிர வேறொன்றும் இல்லை, அப்படியே எடுத்து ஒட்டலாம்:

```
^[^"]*"[^ "]+ [^ ?"]*/([^/ ?"]+)[ ?][^"]*" 20[06] .*
```

இடமிருந்து வாசித்தால்: வரியின் தொடக்கத்திலிருந்து முதல் மேற்கோள்குறி வரை எது இருந்தாலும் தாண்டு. அடுத்து இடைவெளி வரை மெத்தட் (மாதிரி வரியில் ‘கெட்’). பிறகு பாதை, கேள்விக்குறிக்கு முந்தைய கடைசிச் சாய்கோடு வரை போ. அதிலிருந்து அடுத்த இடைவெளி அல்லது கேள்விக்குறி வரை உள்ளதுதான் கோப்புப் பெயர், அதைப் பிடித்து வை. பிறகு மூடும் மேற்கோள்குறி, 200 (முழுக் கோப்பும் போனது) அல்லது 206 (ஒரு துண்டு மட்டும் போனது) என்ற நிலைக்குறியீடு, மிச்ச வால்.

பெங்களூரில் வீடு தேடுகிறவர் மஞ்சள் பெயின்ட் அடித்த வீடு எது என்று கேட்டு அலையமாட்டார். ஜெயநகர், நாலாவது பிளாக், எத்தனையாவது மெயின், எத்தனையாவது கிராஸ் என்று தெரிந்தால் வாசலில் போய் நின்றுவிடலாம். கோப்புப் பெயரில் என்னென்ன எழுத்து வரும் என்று வர்ணிக்கிற பேட்டர்னை, நாளைக்கே அடைப்புக்குறி போட்ட ஒரு பெயர் வந்து கவிழ்த்துவிடும். முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிற பேட்டர்ன் அவ்வளவு சீக்கிரம் கவிழாது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசத்தால் வருபவை.

## ஒரு வரிகூடச் சிக்கவில்லை

பேட்டர்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இடப்பக்கமிருந்து துண்டுதுண்டாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் `^[^"]*"` மட்டும் ஓட்டுங்கள். எல்லா வரியும் வர வேண்டும். பிறகு `^[^"]*"[^ "]+ ` வரை. பிறகு பாதை, பிறகு நிலைக்குறியீடு. எந்தத் துண்டைச் சேர்த்ததும் எண்ணிக்கை பூஜ்யமாகிறதோ, கோளாறு அந்தத் துண்டில். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதல் துண்டிலேயே பூஜ்யம் என்றால் மேற்கோள்குறியைச் சந்தேகியுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்ட் ஃபைலிலிருந்தோ பேட்டர்னை ஒட்டினால், நேர்க்குறி இருந்த இடத்தில் வளைந்த “ ” வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், வரிகளைத் தேடும் கட்டளையான கிரெப்புக்கு வேறு வேறு எழுத்து. லாக்கில் வளைந்த குறி இருக்கவே இருக்காது. டெர்மினலில் கையால் அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

முதல் துண்டு சரியாக இருந்து, கூட்டல் குறி வரும் இரண்டாவது துண்டில் செத்தால், கிரெப்பை வெறுமனே அழைத்திருக்கிறீர்கள். பழைய அடிப்படை வடிவத்தில் `+`, `?`, `(`, `{`, `|` எல்லாம் சாதாரண எழுத்துகள்; லாக்கில் நிஜமான கூட்டல் குறியைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பி வரும். பெரிய ஈ ஆப்ஷன் சேர்த்தால் அவை ரெகெக்ஸ் குறிகளாகும். தேடி மாற்றும் செட் கட்டளைக்கும் இதே ஆப்ஷன்தான்.

எண்ணைப் பிடிக்கப் பின்சாய்கோடும் சிறிய டி-யும் போடுகிற பழக்கம் பெர்ல், பைத்தானில் இருந்து வருவது. பெரிய ஈ ஆப்ஷனில் கிரெப்புக்கு அது தெரியாது. 2022-இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து, பின்சாய்கோடு சும்மா கிடக்கிறது என்று எச்சரிக்கையாவது கொடுக்கிறது. `[0-9]` எழுதுங்கள், எங்கும் ஓடும்.

ஷெல்லில் பேட்டர்னை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால், பேட்டர்னில் வரும் முதல் இரட்டை மேற்கோளிலேயே ஷெல் மூடிவிடும். விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டுக்கு ஒற்றை மேற்கோள் என்றால் என்னவென்றே தெரியாது. டபிள்யூஎஸ்எல் திறந்து அதில் ஓட்டுவது நல்லது.

கன்டெய்னரில் ஓடும் சர்வர் என்றால் வேறு கதை. டாக்கரின் வழக்கமான லாக் டிரைவர் ஒவ்வொரு வரியையும் ஜேசன் உறைக்குள் போட்டு எழுதும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மேற்கோளும் `\"` ஆகிவிடும், வரியின் முதல் மேற்கோள் ஜேசனுடையது, உங்களுடையது அல்ல. பேட்டர்னை வளைத்து இதற்குப் பொருத்த வேண்டாம், அந்த வழியில் போனால் பின்சாய்கோடு எண்ணியே பொழுது போய்விடும். டாக்கர் லாக்ஸ் கட்டளை வழியாகவோ ஜேகியூ என்ற ஜேசன் கருவி கொண்டோ உறையைப் பிரித்து, வெளியே வருவதைக் கிரெப்புக்குக் கொடுங்கள்.

கோப்புப் பெயர்ப் பட்டியல் ஒன்றை எக்ஸெலில் தயாரித்து, சிறிய எஃப் ஆப்ஷனோடு கிரெப்புக்குக் கொடுக்கிறவர்கள் இரண்டு குழியில் விழுவார்கள். விண்டோஸ் வரிமுடிவு ஒவ்வொரு பெயரின் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை ஒட்டிவிடும், ஒன்றும் சிக்காது. அதே பட்டியலின் அடியில் ஒரு வெற்று வரி கிடந்தால் லாக் முழுவதும் சிக்கும், ஏனென்றால் வெற்றுப் பேட்டர்ன் எல்லா வரிக்கும் பொருந்தும். டாஸ்-டு-யூனிக்ஸ் ஓட்டி, வெற்று வரிகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

## பெயரைக் கேட்டால் வரி முழுக்க வருகிறது

கிரெப்பின் சிறிய ஓ ஆப்ஷன், பேட்டர்ன் பிடித்த முழு நீளத்தையும் அச்சிடும். அடைப்புக்குள் இருக்கும் குழுவை மட்டும் தனியாகக் கொடுக்க அதற்குத் தெரியாது. அதற்குச் செட் வேண்டும்: சிறிய என், பெரிய ஈ இரண்டு ஆப்ஷனும் போட்டு, பதிலீட்டில் `\1`, கடைசியில் சிறிய பி.

பதிலீட்டுக்குச் சாய்கோட்டையே பிரிப்பானாக வைத்தால், பேட்டர்னுக்குள் இருக்கும் சாய்கோட்டில் செட் குழம்பும். எஸ் கட்டளைக்குத் தெரியாத ஆப்ஷன் என்றோ கட்டளை முடியவில்லை என்றோ திட்டும். பிரிப்பானாக `#` வையுங்கள். நம் பேட்டர்னில் அது எங்கும் வராது. பாதையிலும் வராது, ஏனென்றால் முகவரியில் `#`-க்குப் பின்னால் உள்ளதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை.

பெயர் வருகிறது, அதன் பின்னாலேயே பைட் எண்ணிக்கையும் பிரவுசர் விவரமும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் கடைசி `.*` விட்டுப்போயிருக்கிறது. பிடித்த பகுதியை மட்டும்தான் செட் மாற்றும், பிடிக்காத வால் அப்படியே கிடக்கும்.

## பெயரோடு கூடவே 5.0, 2025:09:12:41 போன்றவையும் வருகின்றன

செட் பிடிக்காதவர்கள் கிரெப்பின் பெரிய பி ஆப்ஷனோடு முன்பார்வை, பின்பார்வை போட்டு எழுதுவார்கள்:

```
(?<=/)[^/ ?"]+(?=[ ?])
```

பார்க்க அழகாக இருக்கிறது: முன்னால் சாய்கோடு, பின்னால் இடைவெளி அல்லது கேள்விக்குறி. மாதிரி வரியில் ஓட்டிப் பாருங்கள். மூன்று விடை வரும்: 2025:09:12:41, அல்சூர்-ஏரி.ஜேபிஜி, 5.0. தேதியிலும் சாய்கோடு உண்டு, அதன் பின்னால் நேர மண்டலத்துக்கு முன் ஓர் இடைவெளியும் உண்டு. மொசில்லாவுக்குப் பின்னாலும் அப்படியே. தெருவைச் சொல்லாமல் கதவெண்ணை மட்டும் கொடுத்த மாதிரி, எல்லாத் தெருவிலும் ஒரு வீடு அகப்படுகிறது. `^`-இல் தொடங்கி முதல் மேற்கோளைத் தாண்டி வரும் அடிப்படைப் பேட்டர்னில் இது நடக்காது.

இதன் தம்பி `".*"`. முதல் மேற்கோளில் தொடங்கும். ஆனால் புள்ளி-நட்சத்திரம் பேராசை பிடித்தது, வரியின் கடைசி மேற்கோள் வரை ஓடிப்போய்த்தான் நிற்கும். கோரிக்கையும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் ரெஃபரரும், பிரவுசர் பெயரும் ஒரே மூட்டையாக வரும். `".*?"` என்று கேள்விக்குறி போட்டு அடக்கலாம். ஆனால் பின்னால் வேறு துண்டு சேர்ந்ததும், அந்தத் துண்டு பொருந்தும் இடம் வரை அது மேற்கோளைத் தாண்டி நீளும். `"[^"]*"` தாண்டவே தாண்டாது. இதற்கு அடங்காத ஒரே இடம் அப்பாச்சி லாக்கில் பிரவுசர் பெயருக்குள் மேற்கோள் வரும்போது, அப்பாச்சி அதை `\"` என்று எழுதும். பிரவுசர் பெயரையும் எடுக்கிறவர்களுக்கு மட்டும் `"([^"\\]|\\.)*"` வேண்டும்.

ரெஃபரர் புலத்தின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து குறையும். 1996-இல் எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அந்த எழுத்துப்பிழையோடு ஏறியது, இன்றுவரை அப்படியே நிற்கிறது. லாக் வடிவத்தில் அந்தப் பெயரைச் ‘சரியாக’ எழுதினால் அந்த இடத்தில் வெறும் கோடுதான் விழும்.

## கோப்பே இல்லாத பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன

பட்டியலில் ‘படங்கள்’, ‘செய்தி’ என்று அடைவுப் பெயர்கள் வந்தால், கோப்புப் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய `[ ?]` உங்கள் பேட்டர்னில் இல்லை. அது இல்லாமல் /செய்தி/ என்ற பாதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். `[^ ?"]*/` பேராசையோடு கடைசிச் சாய்கோடு வரை போகிறது. அடுத்து ஓர் எழுத்தாவது வேண்டும், இருப்பது இடைவெளி. பொருந்தவில்லை. எஞ்சின் விட்டுவிடாது, ஒரு சாய்கோடு பின்வாங்கும். இப்போது முதல் சாய்கோட்டில் நிற்கிறது, அடுத்த சாய்கோடு வரை ‘செய்தி’ என்று எழுத்துகள் கிடைக்கின்றன, மிச்சத்தை `[^"]*` விழுங்கிக்கொள்கிறது. எல்லாம் பொருந்திவிட்டது, விடை தப்பு. `[ ?]` இருந்தால் ‘செய்தி’க்குப் பின்னால் சாய்கோடு நிற்பதைப் பார்த்து, இது கோப்பு இல்லை என்று வரியையே விட்டுவிடும்.

அப்படி விடுபடும் வரிகளுக்குப் பின்னால் ஒரு கோப்பு நிஜமாகவே போயிருக்கும். பெரும்பாலும் இன்டெக்ஸ் பக்கம். லாக்கில் அந்தப் பெயர் இல்லை, எனவே எந்த ரெகெக்ஸாலும் அதைக் கொண்டுவர முடியாது. லாக் வடிவத்தை மாற்றினால் உண்டு, அது கடைசியில்.

பதிவிறக்கம் ஒரே ஸ்கிரிப்ட் வழியாக நடந்து, கோப்புப் பெயர் கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிற தளங்களில், எத்தனை கோப்பு போனாலும் ஸ்கிரிப்ட்டின் பெயர்தான் ஆயிரம் தடவை வரும். அங்கே பிடிக்க வேண்டியது `[?&]கோப்பு=([^& "]+)`. ‘கோப்பு’ இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பாராமீட்டர் பெயர். முன்னால் `[?&]` இல்லாவிட்டால் ‘பழையகோப்பு=’ என்பதையும் சேர்த்துப் பிடிக்கும்.

நீட்டிப்பை வைத்து வடிகட்டும்போது புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போட மறந்தால், `.` எந்த எழுத்துக்கும் பொருந்தும். பிடிஎஃப் என்ற எழுத்துகளில் முடியும் அடைவுப் பெயரும் உள்ளே வரும். `\.` அல்லது `[.]`. பெரிய எழுத்து, சிறிய எழுத்து நீட்டிப்பு இரண்டையும் சேர்க்கச் சிறிய ஐ ஆப்ஷன்.

## தமிழ்ப் பெயர் சதவீதக் குறியாக வருகிறது, அல்லது துண்டுதுண்டாக உடைகிறது

சதவீதக் குறி வருவது கோளாறு இல்லை. தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8-இல் குறியீட்டுக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாகப் போகும். ‘ஏரி’ என்பது ஏ, ர, இகரக் குறி என மூன்று குறியீடு; லாக்கில் 27 எழுத்து. ‘அல்சூர்-ஏரி’ என்று பெயர் வைத்தால் நூறு எழுத்து நெருங்கிவிடும். அடிப்படைப் பேட்டர்னுக்கு இதனால் ஒரு சிக்கலும் இல்லை. அதுதான் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லையே.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதலில் பெயரை வெட்டி எடுங்கள், பிறகு சதவீதக் குறிகளைத் தமிழாக மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால், பெயருக்குள் `%20` என்று அடங்கியிருந்த இடைவெளி நிஜ இடைவெளியாகி அந்த இடத்திலேயே பெயர் அறுந்துபோகும். `%23` என்பது `#` ஆகும். சாய்கோட்டுக்கும் கேள்விக்குறிக்கும் உரிய குறியீடுகள் வந்திருந்தால் இன்னும் மோசம். மாற்றுவதற்குப் பைத்தானின் யூஆர்எல்லிப் தொகுப்பில் உள்ள அன்குவோட் போதும்.

மாற்றிய பிறகும் சதவீதக் குறி மிச்சமிருந்தால், லாக்கில் `%25` என்று தேடுங்கள். அது சதவீதக் குறியின் சொந்தக் குறியீடு. ஏற்கெனவே மாற்றிய இணைப்பை யாரோ இன்னொரு தடவை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு தடவை அன்குவோட் ஓட்டினால் கணக்கு சரியாகும். இணைப்பைத் தயாரிக்கும் நிரலையும் திருத்த வேண்டும்.

தமிழாக மாற்றிய பெயரைப் பைத்தானில் பின்சாய்கோட்டு-டபிள்யூ கொண்டு பிடித்தால், ‘கப்பன்’ என்பது ‘கப’, ‘பன’ என்று உடையும். பைத்தானின் ரெகெக்ஸுக்குப் புள்ளி எழுத்து கிடையாது. உயிர்மெய்க் குறிகளும் கிடையாது. புள்ளி வரும் இடத்திலெல்லாம் சொல் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். `[அ-ஹ]+` எழுதினாலும் இதே கதி, ஏனென்றால் குறிகளும் புள்ளியும் யூனிகோட் வரிசையில் ஹ-வுக்கு அப்பால் இருக்கின்றன. இங்கும் `[^/ ?"]+` என்று எல்லையைச் சொல்வதே மருந்து.

இன்னொரு கோளாறு, கண்ணால் பார்த்தால் பிடிபடவே பிடிபடாது. பட்டியலில் ‘கோரமங்களா.பிடிஎஃப்’ இரண்டு தடவை வருகிறது, ஒன்றுக்கு 310, மற்றதற்கு 45. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும். கோ-வில் இருக்கும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது முன்னால் நிற்கும் ஏகாரக் கொம்பும் பின்னால் நிற்கும் காலும் தனித்தனியாக. கொ, கௌ இரண்டுக்கும் இதே நிலைமை. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து ஏற்றிய கோப்பும் லினக்ஸில் பெயர் அடித்த கோப்பும் சர்வருக்கு இரண்டு வேறு கோப்புகள். லாக்கில் சதவீதக் குறி நிலையில் நீளத்தை ஒப்பிட்டால் ஒன்று ஒன்பது எழுத்து அதிகமாக இருக்கும். அன்குவோட் செய்ததும், பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்தில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகுதான் எண்ண வேண்டும்.

## எண்ணிக்கை ஏறிக்கிடக்கிறது

மின்னிதழ் பிடிஎஃப் ஒன்றுக்கு 4,000 பதிவிறக்கம் என்று வந்தால் மகிழ்வதற்கு முன் 206-ஐத் தனியாக எண்ணுங்கள். பிரவுசருக்குள் பிடிஎஃப் திறப்பவர் பக்கம் புரட்டப் புரட்ட, கோப்பு துண்டுதுண்டாகப் போகும். ஒவ்வொரு துண்டும் லாக்கில் ஒரு வரி. வீடியோ, ஆடியோவுக்கு இன்னும் அதிகம். ஐபி முகவரி, பெயர் இரண்டையும் சேர்த்து எடுத்து, ஒரே சோடி ஒரு நாளில் எத்தனை தடவை வந்தாலும் ஒன்று என்று வைத்துக்கொள்வது ஓரளவு நியாயமான கணக்கு:

```
^([^ ]+) [^"]*"[^ "]+ [^ ?"]*/([^/ ?"]+)[ ?][^"]*" 20[06] .*
```

பதிலீட்டில் `\1 \2`. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபியின் பின்னால் பலர் இருப்பார்கள் என்பதால் இது உண்மையைவிடக் குறைத்தும் காட்டலாம். 206-ஐ அப்படியே எண்ணுவதைவிட இது மேல்.

யூனிக் கட்டளை அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்க்கும். முன்னால் சார்ட் போடாவிட்டால் ஒரே பெயர் பட்டியலில் இருபது இடத்தில் வரும். கோப்பைக் கேட்காமல் அதன் விவரத்தை மட்டும் கேட்கும் ஹெட் மெத்தட்டில் வரும் கோரிக்கைகளையும் தேடுபொறி பாட்களையும் முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

## எண்ணிக்கை குறைகிறது

முதலில் சிக்காத வரிகளைப் பாருங்கள். சிறிய வி ஆப்ஷன் போட்டால், பேட்டர்னுக்குப் பொருந்தாதவை மட்டும் வரும். அவற்றில் முதல் ஐம்பதைக் கண்ணால் படியுங்கள். 404, முகப்புப் பக்கம், ஸ்கேனர்கள் அனுப்பும் குப்பை என்றிருந்தால் நிம்மதி. மேற்கோளுக்குள் பின்சாய்கோடு-எக்ஸ்-16 என்று தொடங்கும் வரிகள், 80-ஆம் போர்ட்டில் வந்து எச்டிடிபிஎஸ் பேச முயன்றவை. அவற்றில் கோப்புப் பெயரே இருக்காது.

304 வரிகள் நிறைய இருந்தால் யோசியுங்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் கோப்பு மாறவில்லையே என்று பிரவுசர் கேட்டு, இல்லை என்று சர்வர் சொன்னது அது. பார்வையைக் கணக்கிட `(20[06]|304)` வேண்டும். அனுப்பிய டேட்டாவின் அளவைக் கணக்கிடுவதானால் 304 தேவையில்லை. குழு எண்ணிக்கை ஒன்று கூடும் என்பதைப் பதிலீட்டில் கவனியுங்கள்.

தளத்துக்கு முன்னால், கோப்புகளின் நகலை வைத்துக்கொண்டு தானே அனுப்பும் சிடிஎன் சேவை இருந்தால், அங்கேயே கேஷிலிருந்து போன கோப்புகள் உங்கள் லாக்கை எட்டியே பார்க்காது. படங்கள் மட்டும் குறைந்து, பக்கங்கள் சரியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

லாக்ரொட்டேட் பழைய ஃபைல்களைச் சுருக்கி வைத்திருக்கும், அவற்றுக்கு ஜீகிரெப். ஒரு ஃபைலை ஒரு நாள் என்று கொள்ளாதீர்கள், சுழற்சி சரியாக நள்ளிரவில்தான் நடக்கும் என்றில்லை. தேதியை வைத்து எடுங்கள்; எடுக்கும் முன் வரியில் `+0530` இருக்கிறதா `+0000` இருக்கிறதா என்று பாருங்கள். கிளவுடில் எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதும், இயந்திரம் மும்பை டேட்டா சென்டரில் இருந்தாலும்கூட. நமது ஜூன் 14 என்பது அங்கே 13-ஆம் தேதி 18:30-க்குத் தொடங்கி 14-ஆம் தேதி 18:30-க்கு முடியும்:

```
\[(13/ஜூன்/2025:(18:[3-5]|19|2[0-3])|14/ஜூன்/2025:(0|1[0-7]|18:[0-2]))
```

இதை விட்டுவிட்டு வெறும் 14 என்று தேடினால், இங்கே நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை நடந்தது விட்டுப்போகும். அதற்குப் பதில் மறுநாள் அதிகாலை உள்ளே வரும். மொத்தம் ஏறக்குறைய சரியாகத் தெரியும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

## ‘பைனரி ஃபைல் மேட்சஸ்’ என்று மட்டும் சொல்லி நிற்கிறது

லாக்கில் எங்கோ பூஜ்ய பைட் விழுந்திருக்கிறது, அல்லது யூடிஎஃப்-8-க்கு ஒவ்வாத பைட். மின்சாரம் போய் இயந்திரம் திடீரென்று நின்ற நாளின் ஃபைலில் இது வரும். பைனரி என்று முடிவு கட்டியதும் கிரெப் வரிகளைக் காட்டுவதை நிறுத்திவிடும். அதற்கு முன் காட்டியதை மட்டும் எண்ணிவிட்டு, கணக்கு முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள் உண்டு. சிறிய ஏ ஆப்ஷன் சேருங்கள்.

## ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை

அடைப்புக்குள் ஒரு கூட்டல், வெளியே இன்னொரு கூட்டல். இதைத்தான் முதலில் தேட வேண்டும்:

```
"[^ "]+ (/?[^ ?"]+)+\?
```

பாதையில் கேள்விக்குறி இருந்தால் நொடியில் முடியும். இல்லாவிட்டால், அதே எழுத்துகளை எத்தனை விதமாகக் கூறுபோடலாமோ அத்தனையும் முயன்றுவிட்டுத்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும். 30 எழுத்துப் பாதைக்கு அது 53 கோடிக்கு மேல். சதவீதக் குறியில் வரும் தமிழ்ப் பெயர் 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் சேவை 27 நிமிடம் உலகம் முழுக்கத் தடுமாறியதற்குக் காரணம், ஃபயர்வால் விதி ஒன்றில் இருந்த `.*(?:.*=.*)` என்ற துண்டு. உள்ளே வெளியே கூட்டல் இல்லாமலேயே, மூன்று புள்ளி-நட்சத்திரம் வரிசையாக நின்றே அவ்வளவு செய்தது.

பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் எஞ்சின்களுக்குத்தான் இந்த நோய்: பைத்தான், பெர்ல், கிரெப்பின் பெரிய பி ஆப்ஷன். பெரிய பி-யில் ஓட்டினால், பின்வாங்கும் எல்லை தாண்டிவிட்டது என்று கிரெப் பிழைச்செய்தி கொடுப்பதும் உண்டு. பெரிய ஈ ஆப்ஷன் இதில் மாட்டாது. பேட்டர்னுக்குள்ளேயே `\1` போட்டால் தவிர. கென் தாம்ப்சன் 1968-இல் காட்டிய வழி அது: எல்லாச் சாத்தியங்களையும் ஒரே நேரத்தில் கூடவே நடத்திச் செல்வது. அதனால் மேலே உள்ள பேட்டர்ன்களில், பின்பார்வை போட்டது, `".*?"`, கிளவுட்ஃபிளேர் துண்டு ஆகியவற்றைத் தவிர மற்றவை பெரிய ஈ-க்கே எழுதப்பட்டவை.

நோய் இல்லாமலே மெதுவாக ஓடினால், மொழி அமைப்பைச் சொல்லும் எல்சி-ஆல் மாறியின் மதிப்பை பெரிய சி என்று வைத்து ஓட்டுங்கள். சதவீதக் குறி நிலையில் உள்ள லாக்குக்கு அதனால் ஒரு குறையும் வராது. தமிழாக மாற்றிய பிறகு அப்படி ஓட்டாதீர்கள். அந்த நிலையில் ஒரு புள்ளி என்பது எழுத்து அல்ல, ஒரு பைட். ‘ஏ’யின் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும்.

## இதே கணக்கை மாதாமாதம் எடுக்க வேண்டியிருக்கிறது

சர்வர் உங்கள் கையில் இருந்தால் லாக் வடிவத்தில் ஒரு புலம் சேருங்கள். என்ஜின்எக்ஸில் டாலர் குறியோடு வரும் யூஆர்ஐ மாறி, உள்ளே கடைசியாக எந்தப் பாதைக்குப் போனதோ அதைக் காட்டும். /செய்தி/ என்று கேட்டவருக்கு இன்டெக்ஸ் பக்கம் போயிருந்தால் அந்தப் பெயர் வரும், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது வராது. ஆனால் அது சதவீதக் குறிகளை ஏற்கெனவே பிரித்த மாறி. வழக்கமான வடிவத்தில் எழுதினால் தமிழ் பைட்டுகள் ஒவ்வொன்றும் பின்சாய்கோடு-எக்ஸ் என்று மாறி விழும். எஸ்கேப் அமைப்பை ஜேசன் என்று வைத்தால் தமிழ் தமிழாகவே எழுதப்படும், 1.11.8 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அப்பாச்சியில் சதவீதக் குறியோடு சிறிய எஃப் போட்டால், வட்டில் இருக்கும் கோப்பின் முழுப் பாதையும் கிடைக்கும்.

புதிய புலத்தை வரியின் கடைசியில் சேருங்கள், நடுவில் வேண்டாம். பழைய பேட்டர்னும் மற்றவர்களின் ஸ்கிரிப்டுகளும் உடையாமல் இருக்கும். ரீலோட் செய்வதற்கு முன் என்ஜின்எக்ஸை டி ஆப்ஷனோடு ஓட்டி அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய நாளின் ஃபைலில் மேல்பாதி பழைய வடிவத்திலும் கீழ்ப்பாதி புதிய வடிவத்திலும் இருக்கும், சுருக்கிவைத்த ஃபைல்கள் எல்லாம் பழைய வடிவம்தான். அவை சுழன்று தீரும் வரை அடிப்படைப் பேட்டர்னைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.